கடைக்கு எத்தனை மடங்கு கண்ணாடி வாங்குவது?

வணிக நண்பர்களின் கடைகளில் தராசு உண்டு, முத்திரை வைத்த எடைக்கற்கள் உண்டு, மூட்டையில் சாம்பிள் எடுக்கும் குத்தூசியும் உண்டு. ஆனால் பூதக்கண்ணாடி என்று நாம் சொல்லும் உருப்பெருக்கிக் கண்ணாடி பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் அது பில்லில் உள்ள பொடி எழுத்தைப் படிப்பதற்காக மேஜை இழுப்பறையில் கிடக்கும். சரக்குப் பார்க்க அதை யாரும் கையில் எடுப்பதில்லை.

நமது தேவிகாபுரத்தில் இதற்கு நேர்மாறான ஒரு தொழில் பக்கத்து வீட்டிலேயே நடக்கிறது. பட்டுத்தறி வைத்திருப்பவர்களுக்கும் சேலை எடுக்க வரும் வியாபாரிகளுக்கும் இழை எண்ணும் கண்ணாடி அன்றாடப் பொருள். மடக்கி வைக்கக்கூடிய சிறு சட்டம். அடியில் சதுரமான ஒரு துளை, மேலே ஒரு லென்ஸ். துணியின் மேல் வைத்தால் லென்ஸ் சரியான உயரத்தில் தானே நின்றுவிடும். கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது, ஒரே மடங்குதான். அடியில் உள்ள துளை ஒரு அங்குலம் என்றால் அந்த ஒரு அங்குலத்துக்குள் ஊடை எத்தனை, பாவு எத்தனை என்று ஊசி முனையால் தள்ளித் தள்ளி எண்ணிவிடலாம்.

இந்தக் கண்ணாடிகளில் ஒரு அங்குலத் துளை உள்ளது சுமார் 5 மடங்கு பெரிதாக்கும். அரை அங்குலத் துளை உள்ளது 7, 8 மடங்கு. கால் அங்குலம் என்றால் இன்னும் அதிகம். அதிக மடங்கு உள்ளதுதான் உயர்ந்தது என்று புதிதாக வாங்குபவர் நினைப்பார். தேர்ந்தவர் ஒரு அங்குலக் கண்ணாடியைத்தான் கேட்டு வாங்குவார். காரணம் சாதாரணக் கணக்கு. கால் அங்குலத்தில் ஓர் இழை தவறி எண்ணினால், அங்குலத்துக்கு நான்கால் பெருக்கும்போது பிழையும் நான்கு இழையாகிவிடும். ஒரு அங்குலத்தில் ஓர் இழை தவறினால் பிழை ஒன்றோடு நிற்கும்.

துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியிலும் இதே கணக்கு உண்டு. வேட்டை நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. நமக்கு ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் தேனும் வந்தால் போதும். ஆனாலும் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் அடர்ந்த காட்டுக்குப் போகிறவர்கள் 12 மடங்கு, 16 மடங்கு கருவிகளை விட்டுவிட்டு, மாற்ற முடியாத இரண்டரை அல்லது 4 மடங்குக் கருவியை ஏன் விரும்புகிறார்கள் என்பது நமக்கும் பயன்படும். 4 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 10 மீட்டர் அகலம் கண்ணில் படும். 12 மடங்கில் 3 மீட்டர்தான். மரத்துக்கு மரம் நகரும் விலங்கை 3 மீட்டர் சன்னலில் தேடுவதற்குள் அது போய்விடும். வெளிச்சமும் அப்படியே. முன் கண்ணாடியின் குறுக்களவை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீட்டரை 4-ஆல் வகுத்தால் 8. அதே கண்ணாடி 12 மடங்கில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மரநிழலில் கண்பாவை அதைவிட அகலமாக விரிந்திருக்கும். ஆகவே அதிக மடங்கில் காட்சி மங்கும். மடங்கை மாற்றும் வசதி வேண்டுமென்றால் உள்ளே நகரும் பாகங்களும் கண்ணாடிகளும் கூடும், எடையும் விலையும் ஏறும். காட்டில் அவர்களுக்கு வேண்டியது அகலமும் வெளிச்சமும்தான்.

மளிகைக் கடையின் உட்புறமும் அரை இருட்டுதான். தேடுவதும் ஒரு பிடி தானியத்துக்குள் ஒளிந்திருக்கும் நாலைந்து வேற்று மணிகளை.

கைக்கண்ணாடியில் மடங்குக்கும் தூரத்துக்கும் உள்ள உறவு எளிது. 25 சென்டிமீட்டரைக் கண்ணாடியின் குவிய தூரத்தால் வகுத்தால் வருவது மடங்கு. 5 மடங்குக் கண்ணாடியைப் பொருளிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கலாம். 10 மடங்கு என்றால் இரண்டரை சென்டிமீட்டர். 20 மடங்கு என்றால் ஒன்றேகால் சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் நம் தலையும் விரலும் வெளிச்சத்தை மறைத்துவிடும், பார்ப்பதும் ஒரே ஒரு கடுகாக இருக்கும். வைரம் பார்க்கும் வியாபாரிகள் உலகம் முழுவதும் 10 மடங்கில்தான் கல்லின் குறையைத் தீர்மானிக்கிறார்கள். லட்சக்கணக்கில் விலை போகும் கல்லுக்கே அது போதுமென்றால் துவரம்பருப்புக்கு 30 மடங்கு எதற்கு?

இனி எதைப் பார்ப்பது என்று சொல்கிறோம். முதலில் கடுகு.

கடுகில் கலக்கும் பிரமதண்டு விதை உயிருக்கு ஆபத்தானது. 1998-ஆம் ஆண்டு தில்லியில் பிரமதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு கால் வீங்கி, மூச்சு முட்டி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். நாம் தாளிக்க மட்டுமே கடுகு போடுகிறோம், எண்ணெய் ஆட்டுவதில்லை என்று இருந்துவிடக் கூடாது. மூட்டை அதே வடநாட்டுச் சந்தையிலிருந்துதான் வருகிறது. பிரமதண்டு களைச்செடியாக முளைத்துக் கடுகு அறுவடையை ஒட்டியே காய்க்கிறது. யாரும் வேண்டுமென்று கலக்காவிட்டாலும் களத்திலேயே சேர வாய்ப்பு உண்டு.

வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் உருண்டை, ஒன்றுபோல் கருப்பு. 5 மடங்கில் ஒரு பிடிக் கடுகை வெள்ளைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பார்த்தால் கடுகின் மேல்தோல் வழவழப்பாகத் தெரியும். பிரமதண்டு விதையின் மேல் சொரசொரப்பாக வலை பின்னியது போன்ற குழிகள் இருக்கும். சந்தேகப்பட்ட மணியை எடுத்து 10 மடங்கில் ஊர்ஜிதம் செய்துகொள்ளலாம். பிறகு நகத்தால் நசுக்குங்கள். கடுகின் உள்ளே மஞ்சள், பிரமதண்டின் உள்ளே வெள்ளை. ஒரு மணி கிடைத்தாலும் அந்த மூட்டையை விற்பனைக்கு எடுக்கக் கூடாது என்பது நமது கருத்து. மூட்டையைத் தைத்தவர் எங்கோ இருக்கிறார், அள்ளிக் கொடுத்தவர் நாம். 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டப்படி, சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர் மேல்தான் பொறுப்பு வந்து விழும். ஆகவே கண்ணாடியும் கொள்முதல் பில்லும் ஒரே இழுப்பறையில் இருப்பது நல்லது.

அடுத்தது பயறு. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை இவற்றின் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பலர் தூசி என்று ஊதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் அந்தப் புள்ளி முட்டை வடிவில், தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினால் போகாது. அது பயறு வண்டின் முட்டை. புழு அந்த முட்டையின் அடியிலிருந்தே நேராகப் பயறுக்குள் துளைத்து இறங்கிவிடும். வெளியே ஓட்டை தெரியாது. நம் ஊர் வெயிலில் சுமார் ஒரு மாதத்துக்குள் வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். ஆக, ஓட்டை இல்லாத பயறு என்று நம்பி வாங்கியவர் கடையில்தான் ஓட்டை விழும். மண்டியில் ஒரு தரகர் நம்மிடம், “ஐயா, இது சாக்குத் தூசி, புடைத்தால் போய்விடும்” என்று சாதித்தார். கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தோம். பார்த்துவிட்டு விலையைக் குறைக்க ஆரம்பித்தார். நாம் வாங்கவில்லை, முட்டை வைத்த சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்கினாலும் பக்கத்து மூட்டைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம்.

அரிசியில் வண்டு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்பார்கள். கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். யானைத் துதிக்கை போல மூக்கு நீண்டிருந்தால் அது அரிசிக் கூன்வண்டு. முழு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைப்பது. சலித்தாலும் உள்ளே இருக்கும் புழு போகாது, சில வாரங்களில் மறுபடி கிளம்பும். மூக்கு இல்லாமல் சிவந்து தட்டையாக இருந்தால் மாவு வண்டு. நொய்யிலும் மாவிலும் பெருகுவது. சலித்து நொய்யை நீக்கினால் பெருமளவு கட்டுப்படும். எதைச் சலித்து வைக்கலாம், எதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற முடிவு அந்த மூக்கில் இருக்கிறது. இதற்கு 10 மடங்கு வசதி.

மிளகில் பப்பாளி விதை பழைய கதை. மிளகு உருண்டை, ஆழமான சுருக்கம். பப்பாளி விதை சற்று நீள்வட்டம், பழுப்பும் பச்சையும் கலந்த கருப்பு. 5 மடங்கே அதிகம்.

கண்ணாடியால் ஆகாததும் உண்டு. மஞ்சள்தூளில், மிளகாய்த்தூளில் சேர்த்த சாயத்தை அது சொல்லாது. எண்ணெயில் கலந்த எண்ணெயையும் சொல்லாது. நெசவாளர் சரிகையிலும் இப்படித்தான். பட்டு இழையின் மேல் தகடு நெருக்கமாகச் சுற்றியிருக்கிறதா, இடைவெளி விட்டு உள்ளிருக்கும் சிவப்பு நூல் தெரிகிறதா என்பது வரை கண்ணாடி காட்டும். தகடு வெள்ளியா செம்பா என்பதற்கு உரைகல்லும் பரிசோதனைக் கூடமும் வேண்டும்.

வாங்கும்போது சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 30 எக்ஸ் என்று பெரிய வட்டக் கண்ணாடியில் போட்டு விற்கிறார்கள். 30 மடங்கு என்றால் குவிய தூரம் 8 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும். அப்படிக் குவிக்கும் கண்ணாடி பட்டாணி அளவில்தான் நன்றாக அமையும். சோதிக்க வழி இருக்கிறது. வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, கண்ணாடியை அதன்முன் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வாசல் தலைகீழாகத் தெளிவாக விழும் இடத்தில் தாளுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து, 25-ஐ அதனால் வகுத்துவிடுங்கள். 5 சென்டிமீட்டர் வந்தால் 5 மடங்கு, பொறித்திருப்பது எதுவானாலும். பிறகு வரைபடத் தாளின் கட்டங்களைப் பாருங்கள். ஓரத்தில் கோடு வளைந்தால், கோட்டின் பக்கத்தில் நீலமும் சிவப்பும் கசிந்தால் அது தாழ்ந்த சரக்கு. இரண்டு மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸில் இந்தக் குறை வெகுவாகக் குறையும், விலை கூடும். 5 மடங்குக்கு ஒற்றைக் கண்ணாடியே போதும். 10 மடங்குக்கு ஒட்டியதுதான் வாங்க வேண்டும்.

கைபேசியில் விரலால் இழுத்துப் பெரிதாக்கலாமே என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் ஓரளவுக்கு மேல் படத்தின் புள்ளிகள்தான் பெரிதாகின்றனவே தவிர புதிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் கைபேசியின் கேமராமேல் 10 மடங்குக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தால் பயறிலிருக்கும் முட்டை நன்றாக விழுகிறது. அதை வாட்ஸ்அப்பில் சரக்கு அனுப்பியவருக்கு அனுப்பினால் நீண்ட பேச்சு குறைகிறது.

ஒரே ஒரு கண்ணாடிதான் வாங்க முடியுமென்றால் 5 மடங்கு, குறுக்களவு பெரியது வாங்குங்கள். இரண்டாவதாக 10 மடங்கு. அந்தச் சிறியதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, சரக்கைக் கையில் எடுத்து அதனருகே கொண்டுவர வேண்டும். மாவுத்தூசி படிந்த கண்ணாடியை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு, துவைத்த பழைய வேட்டித் துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். வேலை முடிந்ததும் மூடி வைத்துவிடுங்கள். வாசல் வெயில் படும் இடத்தில் சாக்குமேல் திறந்து வைத்தால் அது சாக்கில் நெருப்பு வைத்துவிடும்.