மலக்கசிவு: பலருக்கு உண்டு, சொல்வோர் சிலரே

மலத்தை அடக்க இயலாமல், தம்மை அறியாமலோ கழிப்பறையை அடையும் முன்போ அது வெளியேறிவிடுவதை மலக்கசிவு என்கிறோம். தமக்கு மட்டுமே நேர்ந்த இழுக்கு என எண்ணிப் பலர் இதனை மருத்துவரிடமும் மறைக்கின்றனர்.

அமெரிக்காவில் 2005–2006ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், வயதுவந்தோரில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் இத்தொல்லை இருந்ததாகத் தெரிவித்தனர். அதாவது, பன்னிரண்டு பேரில் ஒருவர். இருபதுகளில் உள்ளோரில் 3 விழுக்காட்டிற்கும் குறைவு. எழுபதைக் கடந்தோரில் சுமார் 15 விழுக்காடு. ஆண், பெண் இடையே பெரிய வேறுபாடு இல்லை.

நீடித்த வயிற்றுப்போக்கு, பிரசவத்தின்போது ஆசனவாய்த் தசை கிழிதல், நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்படுதல், பக்கவாதம், மூலம் அல்லது பௌத்திரத்திற்கான அறுவை சிகிச்சை ஆகியன முக்கியக் காரணங்கள்.

முதியோரைப் பராமரிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறுகிய மலம் குடலை அடைத்திருக்கையில், அதன் ஓரமாக நீர்மலம் கசிவதுண்டு. வயிற்றுப்போக்கு எனக் கருதி அதனை நிறுத்த மாத்திரை கொடுத்தால் அடைப்பு மேலும் கடுமையாகும்.

உணவு மாற்றம், மருந்து, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவற்றால் பலர் நன்கு தேறுகின்றனர்; சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு இருப்பின் தாமதிக்கலாகாது. ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், கால் தளர்ச்சி ஆகியன திடீரெனத் தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

‘மலம் கசிகிறது’ என்று மருத்துவரிடம் சொன்னால் போதும்; மற்றவற்றை அவரே கேட்டறிவார்.