வளவுச் செய்கை: புதிதாகத் தொடங்குவோர்க்கு வேண்டிய தேர்ச்சி

வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்கள், போர் முடிந்தபின் 2010 தொடக்கம் கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்கு மீண்டன. அவர்களுட் பலர் முகாமிலே பிறந்து வளர்ந்தோர். தந்தையின் கையிலிருந்து மகன் கற்கவேண்டிய கமத்தொழில் இடையில் அறுந்துபோயிற்று. இத்தகையோர் தம் வளவில் முதன்முதலாகச் செய்கை தொடங்குமிடத்து அறியவேண்டியவை இங்கே கூறப்படுகின்றன.

வெடிபொருள் அகற்றப்பட்ட காணியாயினும், மண்வெட்டியில் ஐயத்திற்குரிய பொருள் தட்டுப்படின் அதனைத் தொடாது கிராம அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.

முதலிற் கவனிக்கற்பாலது கிணறு. நெடுங்காலம் தூர்ந்து கிடந்த கிணற்றினுள் எவரும் தனியே இறங்கலாகாது. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குதல் உயிராபத்தாகும். அதன் புகையிலுள்ள நச்சுவாயு மணமற்றது, ஆளை அறியாமற் கொல்லும்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, கடல்நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி நிற்பின், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் உண்டென்பது பொது விதி. எனவே, நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிற்குமாயின், உப்புநீர் கீழிருந்து 40 அடி வரை மேலேறக்கூடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை நோக்குவோர்க்கு இது விளங்கும். துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரத்திற்குக் களைப்பில்லை. ஆதலால் காலையிற் சிறிது, மாலையிற் சிறிது என இறைத்து, இடையே கிணறு ஊற விடுதல் நன்று. நீர் சற்று உவர்க்குமாயின் வெங்காயம் தாங்காது, பீற்றூட் தாங்கும்.

செம்மண் நீரை விரைவில் உள்வாங்கும். அதனுடன் இட்ட பசளையும் கிணற்றையே சேரும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைக் கடந்திருக்கின்றது. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவோர் தம் குடிநீரிலேயே அதனை இடுகின்றனர் எனலாம். புட்டிப்பால் அருந்தும் குழந்தைக்கு இந்நீர் தீங்கானது. கொதிக்க வைப்பினும் நைத்திரேற்று நீங்காது. ஆகையாற் குடிநீரைப் பரிசோதித்தறிதல் வேண்டும். எருக்கிடங்கும் மலக்குழியும் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமலும், கூடுமாயின் 100 அடி தூரத்திலும் அமைதல் வேண்டும்.

வேலியே வளவின் முதற் பயிர். கிளுவை, பூவரசு, கிளிசிறீடியா ஆகிய கதிகால்களை மாரிக்கு முன்னரே நாட்டினால், ஆட்டுக்குத் தழையும் நிலத்துக்குப் பசுந்தாட் பசளையும் கிடைக்கும். வேலியின்றி நாற்று நடுபவன் அயலவரின் ஆட்டுக்கே நடுகின்றான். பழைய பனையோலைகளைக் கிடங்கு வெட்டி நிலத்தில் தாழ்க்கும் முன்னோர் வழக்கம், செம்மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கச் சிறந்தது. இதனை எரித்துவிடுவோர் பெருநட்டம் அடைகின்றனர்.

16 பரப்பு ஓர் ஏக்கராகும். புதியவர் 2 பரப்புடன் தொடங்குதல் போதும். கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு 3 அடி அகலமும் 6 அங்குல உயரமுமான மேடை அமைத்து, அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் நாற்றழுகல் நோய் குறையும். மேடை ஆறியபின் மண்ணைக் கிளறி விதைத்தல் வேண்டும். வெண்டி, பயற்றை ஆகியவற்றை நேரே பாத்தியில் ஊன்றலாம். ஐந்தாறு ஊர்க்கோழிகள் வீட்டு எச்சத்தை முட்டையாக்கும். ஆயினும் நாற்றுமேடைக்கு அவையும் பகையே.

பனம்பழம் விழுங் காலத்தில் விதைகளைப் பொறுக்கிப் பாத்தியில் அடுக்கிவிடின், தைமாதமளவிற் கிழங்கு கிண்டலாம். இதற்கு இறைப்பு வேண்டுவதில்லை. மாரி மழையே போதும்.