“சமத்துக் குழந்தை, அழுவதே இல்லை!” - வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கு ஒரு பாடம்

அரசு சேவை என்றதும் மனு, வரிசை, கவுண்டர் என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால் ஒரு சேவை நம்மைத் தேடி வீட்டு வாசலுக்கே வருகிறது. குழந்தை பிறந்த வீட்டுக்கு, தோளில் பையோடு வரும் கிராம சுகாதார செவிலியரின் சேவை அது. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘நர்சம்மா’. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் சுமார் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கன்வாடிப் பணியாளரும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் ஆஷா பணியாளரும் அவருக்குத் துணை நிற்கிறார்கள்.

நீங்கள் இந்தப் பணிக்குப் புதிதாக வந்தவரா? பயிற்சியில் இருப்பவரா? இந்தப் பாடம் உங்களுக்கு. வீட்டில் பச்சிளங்குழந்தை வைத்திருப்பவர்களும் படிக்கலாம். நர்சம்மா எதற்காக இத்தனை கேள்வி கேட்கிறார் என்பது புரியும்.

எத்தனை முறை போக வேண்டும்?

பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முதல் வாரத்திலேயே இறந்துவிடுகிறார்கள். அதனால்தான் வீட்டுப் பார்வை ஆரம்ப நாட்களில் நெருக்கமாகவும் பிறகு இடைவெளி விட்டும் அமைந்திருக்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் பார்க்க வேண்டும். வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்ந்துகொள்ளும். இது 2011-இல் தேசிய அளவில் வந்த முறை. அதன் தொடர்ச்சியாக 2018 முதல் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களிலும் வீட்டுப் பார்வை உண்டு.

எடை குறைவாகப் பிறந்த (2.5 கிலோவுக்குக் கீழ்), குறைமாதத்தில் பிறந்த, தீவிர சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய குழந்தை என்றால் இந்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கூடுதலாகவே போய்ப் பாருங்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

ஏழாம் நாள். நீங்கள் போகிறீர்கள். பாட்டி வாசலுக்கு வந்து வரவேற்கிறார்.

“வாங்க நர்சம்மா. பேரன் ரொம்ப சமத்து. அழுறதே இல்ல. ராத்திரி முழுக்கத் தூங்குறான். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கு.”

உள்ளே தாய் களைத்துப் படுத்திருக்கிறார். குழந்தை துணி சுற்றித் தூளியில் கிடக்கிறது. உங்களுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. காபி குடித்துவிட்டு, அட்டையில் ‘நலம்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பத் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். பாட்டி பெருமையாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே அபாய அறிகுறி இருக்கிறது. ஏழு நாள் குழந்தை பசித்தால் அழ வேண்டும், தானாக விழிக்க வேண்டும். ‘அழுறதே இல்ல’ என்றால் அது சமத்தா, சோர்வா என்று பார்த்தே தீர வேண்டும்.

வரிசையாகப் பாருங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பிறகுதான் குழந்தையைத் தொட வேண்டும்.

2. தூங்கும்போதே மூச்சை எண்ணுங்கள். வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுபடி ஒரு முறை எண்ணுங்கள். அப்போதும் 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அபாயம்.

3. துணியை விலக்கி முழு உடம்பையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா? தொப்புளைச் சுற்றிச் சிவப்பா, சீழா? உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளா?

4. அக்குளில் தெர்மாமீட்டர் வையுங்கள். 99.5 டிகிரிக்கு மேல் போனாலும் ஆபத்து, 95.9-க்குக் கீழே இறங்கினாலும் ஆபத்து. காய்ச்சலைக் கண்டு பயப்படும் நாம், சில்லிட்டுப் போவதைக் கண்டுகொள்வதில்லை. பச்சிளங்குழந்தைக்கு இரண்டுமே நோயின் அறிகுறிதான்.

5. எடை போடுங்கள். முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறைவது இயல்பு. பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும்.

6. தாயைப் பால் கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ‘குடிக்குதா?’ என்று கேட்டால் ‘குடிக்குது’ என்றுதான் பதில் வரும். கண்ணால் பார்த்தால்தான் உறிஞ்சுகிறதா, விழுங்குகிறதா என்று தெரியும்.

இந்த வீட்டில் நீங்கள் கண்டது இது. பிறந்தபோது 2.2 கிலோ, இன்று 1.9 கிலோ. தெர்மாமீட்டர் 95.4 காட்டுகிறது. பாதம் சில்லென்று இருக்கிறது. மார்பில் வைத்தால் இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிப்போகிறது. நேற்றிலிருந்து சிறுநீர் இரண்டே முறை. போதுமான பால் கிடைக்கும் குழந்தை ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கும்.

இனி யோசிக்க நேரமில்லை. உடனே 108-க்கு அழையுங்கள். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் தகவல் கொடுங்கள். வண்டி வரும்வரை குழந்தைக்குத் தொப்பியும் அணையாடையும் மட்டும் போட்டு, தாயின் வெற்று மார்போடு அணைத்து வைத்து, மேலே துணியால் போர்த்துங்கள். இதுதான் கங்காரு பராமரிப்பு. போகும் வழியிலும் இப்படியே இருக்கட்டும். விழுங்க முடிகிறது என்றால் தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். விழுங்காமல் சோர்ந்து கிடக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

‘நாளைக்குப் போகலாமே’ என்றால்?

பாட்டி சொல்வார்: “இன்னிக்கு நாள் சரியில்ல. பதினாறு கழியாம வெளிய கொண்டுபோகக் கூடாது.”

வாக்குவாதம் வேண்டாம். பயமுறுத்தவும் வேண்டாம். தெர்மாமீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். குழந்தையின் பாதத்தையும் உங்கள் உள்ளங்கையையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். “நீங்க நாலு பிள்ளை வளர்த்தவங்க. இவ்வளவு சில்லுனு இருந்து பார்த்திருக்கீங்களாம்மா? இது சமத்து இல்ல, பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்ல” என்று சொல்லுங்கள். முடிவெடுப்பவர் தந்தையோ தாத்தாவோ என்றால் அங்கிருந்தே போனில் பேசுங்கள். செலவை நினைத்துத் தயங்குவார்கள்; அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சையும் போக்குவரத்தும் இலவசம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருமகளிடம் பேச, மாமியாரை ஒதுக்காதீர்கள். அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். குழந்தை குணமாகி வீடு திரும்பியதும், “ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிப் பால் கொடுக்க வைக்கிறது உங்க வேலைம்மா” என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை தடையாகத் தெரிந்தவர் துணையாகிவிடுவார்.

வழக்கங்களை எப்படி அணுகுவது?

எல்லாவற்றையும் ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்கினால் அடுத்த முறை கதவு பாதிதான் திறக்கும். தீங்கு இல்லாததை விட்டுவிடுங்கள், தீங்கு உள்ளதை மட்டும் நிறுத்துங்கள்.

- திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் இருக்கட்டும். கண்ணுக்குள் மை வேண்டாம்.
- சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரைமருந்து எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கு இது பொருந்தாது.
- தொப்புளில் சாம்பல், எண்ணெய், மஞ்சள் பூசக் கூடாது. சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தாலே போதும்.
- குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது வேண்டாம். அந்தப் புகை சின்ன நுரையீரலுக்கு ஆகாது.
- சளி எடுக்கிறேன் என்று வாயால் ஊதுவது, தொக்கம் எடுப்பது இரண்டும் ஆபத்து.

தாயையும் பாருங்கள்

குழந்தையைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தாய்க்குக் காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு அதிகமா, துர்நாற்றம் உண்டா, மார்பு கட்டிக்கொண்டதா என்று கேளுங்கள். பிறகு, வீட்டார் விலகியிருக்கும் நேரத்தில், “நீ எப்படிம்மா இருக்க? தூக்கம் வருதா? காரணமில்லாம அழுகை வருதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பேறுகால மனச்சோர்வு பலவீனமோ திமிரோ அல்ல. சிகிச்சை உள்ள நோய். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அன்றே அனுப்ப வேண்டும், தனியாக விடக் கூடாது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் உண்டு.

42 நாளுக்குப் பிறகு

தடுப்பூசி: பிறந்ததும் பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ்-பி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்கள், 9-ஆம் மாதம், 16 முதல் 24 மாதம், 5 முதல் 6 வயது. பெண்டாவேலன்ட் ஊசிக்குப் பின் லேசான காய்ச்சல் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த தவணைக்கு வரமாட்டார்கள். சாதாரண சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

உணவு: ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த பருப்புச் சாதம், மசித்த காய், கீரை, முட்டை, அங்கன்வாடி சத்துமாவு. தாய்ப்பால் இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தொடரட்டும்.

வளர்ச்சி: ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள், கையின் நடுப்பகுதிச் சுற்றளவு 11.5 செ.மீ.-க்குக் குறைந்தால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வயிற்றுப்போக்கு: ஒரு பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். துத்தநாக மாத்திரை 14 நாள். பேதி நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடாது.

ஆவணம்: பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட மொத்தம் 18,000 ரூபாய். அதில் ஒரு பகுதி குழந்தையின் தடுப்பூசிகளுக்குப் பிறகுதான் வரும். எனவே தாய் சேய் நல அட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

சரிபார்த்துக்கொள்ளுங்கள்

1. மூன்றாம் நாள் குழந்தைக்கு நிமிடத்துக்கு 64 மூச்சு. என்ன செய்வீர்கள்? (மறுபடி எண்ணுங்கள். 60-க்குக் குறையவில்லை என்றால் உடனே அனுப்புங்கள்.)
2. ‘பால் பத்தலை’ என்று தாய் சொல்கிறார். முதலில் எதைப் பார்ப்பீர்கள்? (சிறுநீர் எத்தனை முறை, எடை ஏறுகிறதா, மார்பில் வைக்கும் விதம் சரியா.)
3. மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டீர்கள். வேலை முடிந்ததா? (இல்லை. போய்ச் சேர்ந்தார்களா என்று அன்றே விசாரியுங்கள். வீடு திரும்பிய மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள்.)

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடுத்த பார்வை நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தை பால் குடிக்க மறுத்தால், சில்லிட்டால், காய்ச்சல் வந்தால், வலிப்பு வந்தால், மூச்சு வேகமானால், வழக்கத்தைவிட அமைதியாகக் கிடந்தால் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 104. ஒன்றுமில்லாததற்குக் கூப்பிட்டுவிட்டோமோ என்று சங்கடப்பட வேண்டாம். குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு திரும்புவதற்காகவும்தான் நர்சம்மா வருகிறார்.