1857 தோட்டாவில் கொழுப்பு எதற்கு?

கேள்வி: 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக் காலத்து என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் கொழுப்புத் தடவினார்கள் என்று படித்தோம். துருப்பிடிக்காமல் இருக்கவா?

பதில்: இல்லை, கரிக்காக! கருமருந்து வெடித்தால் குழலுக்குள் கரிக்கசடு ஒட்டும். நாலைந்து சுட்டதும் அது காய்ந்து இறுகி, அடுத்த குண்டு வாயோடு நின்றுவிடும். கொழுப்பு அந்தக் கசடை இளக்கமாக வைத்திருக்கும். மெழுகு சேர்ப்பது, வெயிலில் அது உருகி வழியாமல் இருக்க.

1853 மாதிரி என்ஃபீல்டின் குழல் உள்விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் 0.568. குழலைவிடச் சற்றே சிறியது என்பதால் சுலபமாக இறங்கும். வெடித்ததும் அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து குழலின் புரிகளைக் கவ்வும். அதற்குக் கலப்பில்லாத ஈயம் வேண்டும், நகம் பட்டாலே கீறல் விழுகிற மாதிரி. தகரம், ஆன்டிமனி கலந்து கடினமானால் சரியாக விரியாது; குறி தப்பும்.

கொழுப்பு இருந்தது குண்டைச் சுற்றிய காகிதத்தின் மேல். சிப்பாய் பல்லால் கடித்தது மறுமுனையை, மருந்து இருந்த பக்கத்தை! ஆனால் கையில் பிசுபிசுக்கிற கொழுப்பு, தன் மதம் விலக்கிய பசுவினுடையதா பன்றியினுடையதா என்று தெரியாதவனிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்ல முடியுமா? தேன்மெழுகும் நெய்யும் நீங்களே பூசிக்கொள்ளலாம் என்று 1857 ஜனவரியிலேயே ஆங்கிலேயர் அனுமதித்தார்கள். அதற்குள் சந்தேகம் தோட்டாவின் காகிதத்துக்கே தாவிவிட்டது, அதிலும் கொழுப்பு இருக்குமோ என்று.

இன்னொன்று: அதே ஆண்டு ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் வாங்க மறுத்தவை பழைய வகைத் தோட்டாக்கள்தான், புதிய என்ஃபீல்டு தோட்டாக்கள் அல்ல.