செமஸ்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நாலு பக்கம் எழுதிவிட்டு, கேட்க வந்ததைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் கேட்டிருக்கிறாய்: "அக்கா, இது டிப்ரஷனா, இல்லை நான் சோம்பேறியாகிவிட்டேனா?" சின்ன வயதிலும் நீ இப்படித்தான். ஊரெல்லாம் சுற்றிவிட்டுத்தான் பசிக்கிறது என்பாய்.

சோம்பேறிக்குத் தூக்கம் இனிக்கும். நீயோ விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறாய். மெஸ்ஸில் எது போட்டாலும் இறங்கவில்லை. உயிராக ஆடிய கிரிக்கெட் அலுத்துவிட்டது. இப்படி இரண்டு வாரம் தொடர்ந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். உனக்கு ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. இன்ன நோய் என்று நான் கடிதத்தில் சொல்ல முடியாது, யூடியூப்பைப் பார்த்து நீயும் முடிவு கட்டாதே. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை வந்தாலும்கூட ஆளை இப்படிச் சாய்த்துவிடும்.

"செமஸ்டர் முடியட்டும், அக்கா" என்பாய். இங்கேதான் உன்னைத் திட்டத் தோன்றுகிறது. மனச்சோர்வு வந்தால் கவனம், ஞாபகம், முடிவெடுக்கும் தெம்பு எல்லாமே குறையும். ஒரே பக்கத்தை ஐந்து தடவை படித்தும் தலையில் ஏறவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அரியரை முடித்துவிட்டு வைத்தியம் பார்க்கிறேன் என்கிறாயே, அரியர் விழுவதே இதனால் என்றால்? வருகைப்பதிவும் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கப் பார்க்கிறது. இப்போதே டாக்டரைப் பார்த்தால் சான்றிதழோடு துறைத்தலைவரிடம் பேசலாம். தேர்வு முடிந்தபின் எதைக் காட்டிப் பேசுவாய்?

யாரிடம் போவது? நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லிவிட்டது. உங்கள் கல்லூரியில் யார் என்று விசாரி. அங்கே முகம் காட்டக் கூச்சமாக இருந்தால், பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போ.

அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? உனக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் தவிர, சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அம்மாவிடம் மட்டுமாவது சொல்லிவிடு. நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று அவள் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவோம் என்று உன் ரூம்மேட் சொன்னானாம். லேசான சோர்வென்றால் பேச்சு சிகிச்சையே போதும் என்பார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் போதைபோல ஆளை இழுக்காது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். உன் அவசரம் எனக்குத் தெரியும்: ஐந்தாம் நாளே "வேலை செய்யவில்லை" என்று நிறுத்துவாய், இல்லை கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்துவாய். இரண்டும் கூடாது. உன் வயதில் தொடக்க வாரங்களில் பதற்றமோ தப்பான எண்ணமோ கூடினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீ எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், மறைக்காதே. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? அப்படித் தோன்றும் இரவில் அறையில் தனியாக இருக்காதே. அடுத்த அறைக்காரனை எழுப்பு, எனக்குப் போன் போடு. 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

டாக்டர் முன்னால் போய் என்ன சொல்வது என்று யோசித்து இன்னொரு வாரத்தைக் கடத்தாதே. "ஒன்றரை மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, படிக்க முடியவில்லை" என்று சொன்னால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். இந்த வாரத்தில் என்றைக்குப் போகிறாய் என்று எனக்குச் சொல். தனியாகப் போக மலைப்பாக இருந்தால் முந்தின ராத்திரி பஸ்ஸில் நான் ஏறிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா