விதை நெல்லின் உறக்கம்

காலபோக நெல்லை அறுத்துச் சூடடித்ததும் அதில் ஒரு பகுதியைச் சிறுபோக விதைப்புக்கு ஒதுக்கி வைப்பீர்கள். அந்நெல் சில வேளைகளிற் பாதியும் முளையாது கிடப்பதுண்டு. விதை பழுதென்று அதைக் குற்றலுக்கு அனுப்புமுன் ஒன்றை அறிதல் வேண்டும். அது இறந்த விதையாக இராமல், உறங்கும் விதையாக இருக்கலாம்.

நெல்மணி முதிருங் காலத்தில் அப்சிசிக்கமிலம் என்னும் ஓமோன் அதிற் சேர்ந்து முளைத்தலைத் தடுக்கின்றது. இதற்கு எதிரானது ஜிபரெலின் என்னும் ஓமோன். விதை நீரை உறிஞ்சியபின் ஜிபரெலின் முளையத்திலிருந்து சென்று, மணியிலுள்ள மாப்பொருளைச் சீனியாக மாற்றும் நொதியத்தைச் சுரக்கச் செய்யும். அச்சீனியை உண்டே முளை வளருகின்றது. (நாற்று வெளிறி, அளவுக்கு மீறி நெடிதாகும் நோயை உங்களிற் சிலர் அறிவீர்கள். அந்நோய்ப் பங்கசிலிருந்தே யப்பானியர் 1938 இல் ஜிபரெலினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர்.)

இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது பெரும்பாலும் இனத்தின் பரம்பரையலகுகளைப் பொறுத்தது. 2010 இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் எஸ்.டி.ஆர்.4 என்னும் பரம்பரையலகை வேறாக்கி அறிந்தனர். கசலத் என்னும் நெல்லில் அது உறக்கத்தை ஆழமாக்குகின்றது. நிப்பொன்பாரே என்னும் யப்பானிய இனத்தில் அது வலிமை குன்றியுள்ளது. அரிசிக்குச் சிவப்பு நிறந்தரும் பரம்பரையலகே அப்சிசிக்கமிலத்தைப் பெருக்கி உறக்கத்தையும் நீட்டுகின்றதென்பது 2011 இல் வெளியாயிற்று. களைநெல் மண்ணில் மறைந்திருந்து பின்னொரு போகத்தில் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உறக்கத்தை முற்றிலும் பகையென்று கொள்ளற்க. அறுவடை வேளையில் மழை பெய்து பயிர் சாய்ந்தால், உறக்கமற்ற நெல் சில நாட்களிற் கதிரிலேயே முளைவிடும். அது விதைக்கும் உதவாது, அரிசிக்கும் உதவாது. அறுவடைக்கு மழை குறுக்கிடும் வயல்களுக்குச் சில கிழமைகள் உறங்கும் இனமே ஏற்றதென்பது எமது எண்ணம்.

நன்கு உலர்த்திய நெல்லில் உறக்கம் தானாகக் கலையும். இனத்துக்கேற்ப அதற்குச் சில கிழமைகளோ, இரண்டு மூன்று மாதங்களோ செல்லலாம். ஆய்வுகூடங்களில் உலர்ந்த விதையை 50 பாகை சதமத்தில் நான்கைந்து நாட்கள் வைத்து உறக்கத்தைக் கலைப்பர். வீட்டில் இதனைச் செய்து பார்க்க வேண்டாம். ஈரமுள்ள விதையாயின் முளையம் இறந்துவிடும்.

நீங்கள் செய்யத்தக்கது இதுவே. விதைப்புக்கு இரண்டு கிழமை முன்னதாக 100 மணிகளை எண்ணி, ஈரச் சாக்குத் துண்டிற் சுற்றி, காயாமல் ஏழு நாட்கள் வையுங்கள். 85 மணிகளாவது முளைத்தால் விதைக்கலாம். குறைந்தால், முளையாத மணிகளை அமுக்கிப் பாருங்கள். நைந்து பூஞ்சணம் பிடித்தவை இறந்தவை. உறுதியாக இருப்பவற்றின் உமியை முளையம் சிதையாமல் நீக்கி மீண்டும் ஈரத்தில் வையுங்கள். அவை முளைத்தால் உறக்கமே காரணம். அவ்விதையைப் பிந்திய விதைப்புக்குச் சேமித்து, இப்போது முன்னைய போக விதையை விதையுங்கள். உறங்கும் விதையைக் கூடுதலாக வீசி ஈடுசெய்ய முயல்வோர் உளர். பிந்தி விழித்த பயிர் பிந்தியே முற்றுவதால், அறுவடையிற் பச்சை நெல்லும் பழுத்த நெல்லும் கலந்துவிடும்.