வீட்டிலேயே டேபிள் டென்னிஸ் மேசை: முழுமையான வழிகாட்டி

சென்னையில் வளர்ந்த டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் ஐந்து ஒலிம்பிக்கில் ஆடியவர். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் தங்கமும் வென்றார். தேனி மாவட்டம் வடுகபட்டியில் ஒரு பிள்ளைக்கு அந்த ஆசை வந்தால், முதலில் குறுக்கே நிற்பது மேசைதான். அதை ஓர் ஆசாரியின் துணையோடு ஊரிலேயே செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பந்து எந்த மூலையில் விழுந்தாலும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். காலும் சட்டமும் பழைய மரமாக இருக்கலாம். மேல்பலகையில் மட்டும் சிக்கனம் கூடாது.

## அளவுகள்

- நீளம் 274 செ.மீ., அகலம் 152.5 செ.மீ. (ஏறக்குறைய 9-க்கு 5 அடி)
- தரையிலிருந்து மேற்பரப்பு வரை உயரம் 76 செ.மீ.
- வலையின் உயரம் 15.25 செ.மீ.
- ஓரக்கோடு 2 செ.மீ., நடுக்கோடு 3 மி.மீ.

## இடம் பார்ப்பது

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பந்தின் எடையோ 2.7 கிராம். கம்பம் பள்ளத்தாக்கில் காற்றடிக்கும் மாதங்களில் மொட்டை மாடி உதவாது. கூரையும் சுவரும் உள்ள இடம் வேண்டும். ஆடுபவர் பின்னால் நகர, மேசையின் இரு முனையிலும் ஆறடியாவது விடுங்கள். வீட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால், சரக்கு இல்லாத நாட்களில் பூண்டுக் கிடங்கைத் தர முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

வெளியில்தான் போட முடியும் என்றால் மரம் வேண்டாம். பல நாடுகளில் பூங்காக்களில் இருப்பதுபோல சிமென்ட் மேசைதான் வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும்.

## வாங்க வேண்டியவை

- 8-க்கு 4 அடி, 19 மி.மீ. பிளைவுட் ஷீட் இரண்டு. உலர்ந்த அறைக்கு ஐ.எஸ். 303 தரம் போதும். ஈரக்கசிவுள்ள அறை என்றால் ஐ.எஸ். 710 வாங்குங்கள்.
- சட்டத்துக்கு 5-க்கு 5 செ.மீ. ரீப்பர், கால்களுக்கு அதைவிடத் தடித்த கட்டை
- இரண்டரை அங்குல ஸ்க்ரூ, பெவிகால், போல்ட்-நட்
- மரப்பட்டி, உப்புத்தாள், பிரைமர், பளபளப்பில்லாத கரும்பச்சை அல்லது கருநீலப் பெயின்ட்
- வலை, அதைப் பிடிக்கும் கிளாம்ப்

கடையிலேயே ஷீட்டைத் தரையில் படுக்கவைத்துக் குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள். வளைந்திருந்தால் வேறு ஷீட் கேளுங்கள். வளைந்த பலகையைப் பின்னால் நிமிர்த்துவது கடினம்.

## படி 1: அறுப்பது

மேசையின் பாதி 152.5-க்கு 137 செ.மீ. ஷீட்டின் அகலமோ 122 செ.மீ.தான், 15 செ.மீ. குறைகிறது. பலரும் இந்த இடத்தில் மூன்றாவது ஷீட் வாங்குவார்கள். அது தேவையில்லை.

ஒவ்வொரு ஷீட்டிலும் முதலில் 152.5 செ.மீ. நீளத்தை அறுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் துண்டில் 76.25 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள பட்டை இரண்டு அறுங்கள். இரண்டையும் முனையோடு முனை சேர்த்தால் சரியாக 152.5 செ.மீ. வரும். இந்தப் பட்டையை வலைப்பக்கமாக வைத்து ஒட்டுங்கள். வலையை ஒட்டிய அந்தப் பகுதியில் பந்து குறைவாகவே விழும். பட்டைகள் சந்திக்கும் இடமோ வெள்ளை நடுக்கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும்.

## படி 2: சட்டம்

ஒவ்வொரு பாதிக்கும் சுற்றுச்சட்டம் அடித்து, உள்ளே 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுங்கள். ஒட்டு வரும் இடங்களுக்கு நேர் கீழே கட்டாயம் ஒரு சட்டம் இருக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் மூலைமட்டமாக இருக்கிறது.

பெவிகால் தடவிப் பலகையை வைத்து, கீழிருந்து ஸ்க்ரூ முடுக்குங்கள். 5 செ.மீ. சட்டத்தைத் தாண்டி, பலகைக்குள் ஒரு செ.மீ.க்குச் சற்று அதிகமாக ஏறி நிற்கும். மேலே ஓர் ஆணித்தலைகூடத் தெரியக் கூடாது.

## படி 3: கால்கள்

76 செ.மீ.யில் பலகையும் சட்டமும் போக, கால் 69 செ.மீ. வரும். பாதிக்கு நான்கு கால். ஆடுபவர் பாதம் இடிக்காதபடி முனையிலிருந்து ஓரடி உள்ளே தள்ளிப் பொருத்துங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தால், காலடியில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் வையுங்கள். இரு பாதிகளையும் சேர்த்து அடியில் போல்ட் போட்டு, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

## படி 4: பெயின்ட்

ஒட்டுகளில் பட்டி நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். விரலை மெல்ல ஓட்டினால் ஒட்டு எங்கே என்று தெரியக் கூடாது. பிறகு பிரைமர், அதன்மேல் ரோலரால் மெல்லிய இரண்டு கோட். அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். கடைசியாக டேப் ஒட்டி வெள்ளைக் கோடுகள் போடுங்கள்.

## படி 5: சோதனை

30 செ.மீ. உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். ஏறக்குறைய 23 செ.மீ. எழும்ப வேண்டும். பந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் அடிஸ்கேலை நிறுத்தி, மூலை, நடு, ஒட்டு என்று பல இடங்களிலும் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பந்து மந்தமாக எழும்பினால், அங்கே பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கலாம். மெல்லிய மரச்சீவலைப் பசையோடு செருகி, மறுபடி முடுக்குங்கள்.

## பராமரிப்பு

ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மேசைமேல் மூட்டை அடுக்கவும் யாரும் உட்காரவும் விடாதீர்கள். ஐப்பசி மழையில் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்க்ரூக்களை முடுக்கி, பந்துச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள்.

முழு அளவுக்கு இப்போது வசதியில்லையா? ஒரே ஷீட்டை அறுக்காமல் 8-க்கு 4 அடி மேசையாக்கிச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுங்கள். அளவு குறையலாம், பந்தின் எழும்பல் குறையக் கூடாது. எழும்பல் சரியான மேசையில் பழகிய கை, போட்டி மேசைக்குப் போனாலும் தடுமாறாது.